கடைசிப் பேருந்தும் மூன்று கச்சேரிகளும்

சென்ற ஆடிப் பதினெட்டு அன்று கொல்லிமலைச் செம்மேட்டில் இருந்தேன். ஆண்டுதோறும் ஆடி 17, 18 ஆகிய இரு நாட்களும் அங்கே வல்வில் ஓரி விழாவை அரசு நடத்துகிறது. மலர்க் கண்காட்சி, துறைவாரியான அரங்குகள், மாலையில் கலைநிகழ்ச்சிகள். சாரல் விட்டுவிட்டு அடித்துக்கொண்டிருந்தது. இருட்டிய பிறகு மெல்லிசைக் குழு ஒன்று மேடையேறியது. மூன்றாவது பாட்டில் கூட்டம் சூடுபிடிக்கத் தொடங்கியபோது பெண்கள் எழுந்திருக்கத் தொடங்கினார்கள். பாட்டு பிடிக்காமல் எழவில்லை. செம்மேட்டிலிருந்து இறங்கி அடிவாரத்துக் காரவள்ளியைத் தொட 70 கொண்டை ஊசி வளைவுகள். கடைசிப் பேருந்தை விட்டால் வழியில்லை. மலைக்குள்ளேயே தள்ளியிருக்கும் ஊர்ப் பெண்களுக்கு ஜீப்பும் வேனும் காத்திருந்தன. தூங்கிய பிள்ளைகளைத் தோளில் போட்டுக்கொண்டு, மேடையைத் திரும்பித் திரும்பிப் பார்த்தபடி போனார்கள். கால் மணி நேரத்தில் நாற்காலிகளில் ஆண்கள் மட்டும் மிச்சமிருந்தார்கள்.

என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவள் பழைய மாணவி. இந்த மலையின் மலையாளிப் பழங்குடிப் பெண். கேரளத்துக்கும் அந்தப் பெயருக்கும் தொடர்பில்லை என்று ஒவ்வொரு ஆண்டும் வகுப்பில் விளக்கிச் சலித்தவள். இப்போது மலையிலேயே ஓர் உண்டு உறைவிடப் பள்ளியில் ஆசிரியை.

"நீங்களும் கிளம்பணுமாம்மா?" என்று கேட்டாள்.

அவள் குரலில் குத்தல் எதுவும் இல்லை. ஆனாலும் எனக்குக் குத்தியது. 2018 ஜனவரியில் ஓர் இரவு நிகழ்ச்சிக்குப் போவதற்காக அவள் என்னிடம் ஒரு கையெழுத்துக் கேட்டிருந்தாள். நான் போடவில்லை. அதை எழுதத்தான் இந்தக் கட்டுரையைத் தொடங்கினேன். ஆனால் அதற்கு முன்னால் நடந்தவற்றைச் சொல்லாமல் அதைச் சொல்ல முடியவில்லை.

நான் வளர்ந்தது மலையடிவாரத்தில், சேந்தமங்கலத்துப் பக்கம். தமிழ்வழிப் படிப்பு. 90களின் நடுவில் அண்ணன் சேலத்திலிருந்து வெற்றுக் கேசட்டுகளில் பதிந்து கொண்டுவந்த பாட்டுகள்தான் ராக் இசையில் எனக்கு அரிச்சுவடி. மெட்டாலிகாவின் 1991ஆம் ஆண்டு ஆல்பம் அப்படித்தான் வீட்டுக்கு வந்தது. பாதிச் சொற்களுக்கு மேல் புரியாது. புரிந்தது ஒன்றுதான். ஒருவன் அடிவயிற்றிலிருந்து கத்துகிறான், அவனை யாரும் அதட்டவில்லை. "பொம்பளை சத்தம் வாசப்படி தாண்டக் கூடாது" என்பது எங்கள் வீட்டுச் சட்டம். அப்பா வெளியே போயிருக்கும் மதியங்களில் நானும் அந்தக் கேசட்டோடு சேர்ந்து கத்துவேன், தலையணையில் வாயைப் புதைத்துக்கொண்டு.

2003 ஏப்ரல் 4 அன்று ரோலிங் ஸ்டோன்ஸ் பெங்களூர் அரண்மனை மைதானத்தில் பாடினார்கள். மிக் ஜாகருக்கு அப்போது 59 வயது. அண்ணன் நண்பர்களோடு கிளம்பினான். நான் எம்.ஏ. முடிக்கும் தறுவாயில் இருந்தேன். "நானும் வரட்டுமா?" என்று கேட்டேன். அம்மா சிரித்தார். அப்பா சிரிக்கக்கூட இல்லை.

மறுநாள் மாலை அண்ணன் வந்து சேர்ந்தான். அங்கே நல்ல மழையாம். முழங்கால்வரை சேறு. தொண்டை கட்டிப்போய் சைகையில்தான் பேசினான். அவன் தூங்கப் போனதும் அந்த ஜீன்ஸை நான் துவைத்தேன். கல்லில் அடிக்க அடிக்கச் செம்மண் தண்ணீர் ஓடிக்கொண்டே இருந்தது. அந்தக் கச்சேரியில் என் கைக்குக் கிடைத்தது அவ்வளவுதான். மறக்க முடியாத கச்சேரி எது என்று யாராவது கேட்டால் முதலில் நினைவுக்கு வருவது அதுதான். நான் போகாத கச்சேரி.

அம்மாவின் சிரிப்பை வெகு நாட்கள் கழித்துத்தான் யோசித்தேன். அம்மா விடிய விடியத் தெருக்கூத்துப் பார்த்து வளர்ந்தவர். பாயைச் சுருட்டிக்கொண்டு, பிள்ளைகளை இழுத்துக்கொண்டு போய் உட்கார்ந்துவிடுவார்கள். இரவும் பாட்டும் அவருக்குப் புதிதில்லை. ஆனால் அந்த இரவு சொந்த ஊரின் இரவு. எந்தச் சாதி எங்கே உட்கார வேண்டும், பெண்கள் எந்தப் பக்கம் என்பதெல்லாம் முன்பே முடிவாகியிருந்தது. யார் வந்தார்கள், யார் எழுந்து போனார்கள் என்பது ஊருக்குத் தெரியும். மேடையில் திரௌபதியாக அழுததுகூட ஓர் ஆண்தான். ஊரின் கண்ணுக்குள் இருக்கும் இரவைப் பெண்களுக்குக் கொடுத்திருந்தார்கள். யாரும் நம்மை அறியாத இரவைத்தான் கொடுக்கவில்லை. நான் கேட்டது அந்த இரவை.

இரண்டாவது கச்சேரிக்குப் போனேன். 2007 மார்ச் 17, அதே அரண்மனை மைதானம், அயர்ன் மெய்டன். அப்போது முனைவர் பட்ட ஆய்வில் இருந்தேன். வீட்டில் கருத்தரங்கு என்று சொன்னேன். பொய் முழுதாக இருக்கட்டும் என்று ஆய்வுக் கோப்பையும் பையில் வைத்துக்கொண்டேன். உடன் ஆய்வு செய்த தோழியும் அவள் தம்பியும் வந்தார்கள். 19 வயதுப் பையன். அவன் இல்லாமல் நாங்கள் போயிருக்க மாட்டோம். சங்க இலக்கியத்தில் ஆய்வு செய்யும் இரண்டு பெண்களுக்கு மீசை முளைத்துக்கொண்டிருக்கும் ஒருவன் காவல்.

மதியத்திலிருந்து நாங்கள் இருவரும் தண்ணீர் குடிக்கவில்லை. ஏன் என்று இதைப் படிக்கும் பெண்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. துப்பட்டாவின் இருபுறமும் ஊக்குக் குத்தியிருந்தேன். எங்கு பார்த்தாலும் கறுப்புப் பனியன்கள். முதல் டிரம் அடி விழுந்தபோது அது காதில் விழவில்லை, விலா எலும்பில் விழுந்தது. கேசட்டில் அத்தனை ஆண்டுகள் கேட்டதெல்லாம் இதன் நிழல்தான் என்று அப்போது தெரிந்தது. நேரில் கேட்பது என்பது உடம்பு கேட்பது. அதற்கு உடம்பு அங்கே போய்ச் சேர வேண்டும். "டிவியில போடுவான், பார்த்துக்க" என்று சொல்பவர்களுக்கு இது புரிவதில்லை, அல்லது நன்றாகவே புரிகிறது.

சுற்றிலும் ஆயிரக்கணக்கான கைகள் மேலே உயர்ந்திருந்தன. என் கைகள் நெஞ்சுக்குக் குறுக்கே கட்டியபடி இருந்தன. தோழியின் கைகளும் அப்படியே. அன்று எங்களுக்கு எதுவும் நடக்கவில்லை என்பதைச் சொல்லிவிட வேண்டும். நடக்காமல் பார்த்துக்கொள்வதிலேயே பாதிக் கச்சேரி போய்விட்டது. பின்னால் நிற்பவன் யார், இடைவெளி எவ்வளவு, தம்பி எங்கே, வெளியேறும் வழி எந்தப் பக்கம். ஒரு மூளை பாட்டைக் கேட்டது, இன்னொன்று கணக்குப் பார்த்துக்கொண்டிருந்தது.

இருட்டைக் கண்டு அஞ்சும் ஒருவனைப் பற்றி அயர்ன் மெய்டனுக்கு ஒரு பாட்டு உண்டு. 1992இல் வந்த 'ஃபியர் ஆஃப் தி டார்க்'. இரவில் தனியே நடந்து போகிறவனுக்குப் பின்னால் யாரோ வருவதுபோல் தோன்றிக்கொண்டே இருக்கும். அன்று மைதானமே அதைச் சேர்ந்து பாடியது. இத்தனை ஆண்கள் ஒரே குரலில் இருட்டு பயமாக இருக்கிறது என்று பாடுவதைக் கேட்டு எனக்கு முதலில் சிரிப்பு வந்தது. பிறகு தொண்டை அடைத்தது. பாடி முடித்ததும் அவர்கள் அதை முணுமுணுத்துக்கொண்டே இருட்டில் நடந்து போய்விட்டார்கள். நாங்கள் இரவுப் பேருந்தில் ஏறத் தயங்கி, விடியும்வரை மெஜஸ்டிக் பேருந்து நிலையத்தில் ஆய்வுக் கோப்பை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம்.

1990களின் தொடக்கத்தில் அமெரிக்காவில் பிகினி கில் என்ற பங்க் குழுவின் பாடகி கேத்லீன் ஹன்னா, தன் நிகழ்ச்சிகளில் பெண்களை முன்வரிசைக்கு வரச் சொல்வார் என்று பின்னாளில் படித்தேன். மேடைக்கு முன்னால் ஆண்கள் மோதிக்கொண்டு ஆடுவார்கள். பெண்கள் நசுங்கி ஓரத்துக்குப் போய்விடுவார்கள். அதனால் ஆண்களைப் பின்னால் போகச் சொல்லி இடம் உண்டாக்கினார். படித்தபோது பொறாமையாக இருந்தது. முன்வரிசைக்கு அழைக்கப்பட முதலில் மைதானத்துக்கு வந்து சேர வேண்டும். எங்களுக்கு விடுதிக் கதவைத் தாண்டுவதே பெரிய பாடு.

என் ஆய்வு சங்க இலக்கிய விறலியரைப் பற்றியது. கொல்லிமலையை ஆண்ட ஓரியை வன்பரணர் பாடிய பாட்டு புறநானூற்றில் 152ஆவது. காட்டில் யாரென்று தெரியாத வேட்டுவன் ஒருவன் எய்த ஒரே அம்பு யானை, புலி, மான், பன்றி, உடும்பு என ஐந்தையும் துளைத்துவிடுகிறது. அதைப் பார்த்த கலைஞர் கூட்டத்தின் தலைவன், விறலியை விளித்துப் பாடத் தொடங்குகிறான். முழவுக்கு மண் பூசுகிறார்கள். யாழ், தூம்பு, எல்லரி, ஆகுளி, பதலை எல்லாம் சேர்கின்றன. 21 துறைகளையும் பாடி முடித்து அரசனே என்று விளித்ததும் அவன் வெட்கப்பட்டு நிற்கிறான். கூரையில்லாத இடத்தில், ஒரு முழு இசைக்குழு. மாணவிகளுக்கு நான் இதைத் திறந்தவெளிக் கச்சேரி என்றுதான் அறிமுகப்படுத்துவேன்.

விறலியாற்றுப்படை என்றொரு துறையும் உண்டு. பரிசில் வேண்டும் விறலிக்கு வள்ளலின் இடத்துக்கு வழிசொல்லி அனுப்புவது. கபிலர் அப்படி ஒருத்தியைப் பாரியிடம் அனுப்புகிறார். அந்தப் பெண்கள் வறுமையோடு நடந்தவர்கள், யாரோ ஒருவரின் கொடையை நம்பி நடந்தவர்கள் என்பதை மறைத்து அழகுபடுத்த வேண்டியதில்லை. ஆனாலும் பெண் கலைஞரிடம் "போ, இந்தப் பக்கமாகப் போ" என்று சொல்வதற்கென்றே ஒரு மொழி ஒரு துறையை வைத்திருந்தது. பல நூற்றாண்டுகள் கழித்து விறலிவிடு தூது வருகிறது. தாசியிடம் பொருளை இழந்த ஒருவன், மனைவியைச் சமாதானப்படுத்த விறலியைத் தூது அனுப்புகிறான். தன் பாட்டோடு நடந்தவள் ஓர் ஆணின் சேதியைச் சுமப்பவளாகிவிட்டாள். வகுப்பில் இந்த இடம் வரும்போது என் குரல் உயரும். மாணவிகள் குறிப்பெடுப்பதை நிறுத்திவிட்டு என்னைப் பார்ப்பார்கள்.

விறலியாற்றுப்படை நடத்திய அதே வாரத்தில்தான் அவள் வந்து கேட்டாள்.

2018 ஜனவரி 6, சனிக்கிழமை. சென்னைக் கீழ்ப்பாக்கத்தில் 'தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ்' குழுவின் முதல் கச்சேரி. இயக்குநர் பா. இரஞ்சித்தின் நீலம் பண்பாட்டு மையமும் இசையமைப்பாளர் டென்மாவும் சேர்ந்து உருவாக்கிய குழு அது. அயோத்திதாசப் பண்டிதர் முன்வைத்த சாதியற்ற தமிழர் என்ற கருத்திலிருந்து வந்த பெயர். 19 பேர் கொண்ட குழுவில் ஒரே ஒரு பெண், கானா பாடகி இசைவாணி.

"மூணு பேரு போறோம்மா. ராத்திரி வண்டியப் புடிச்சு விடியறதுக்குள்ள வந்துருவோம். அப்பா சரின்னுட்டாரு. துறையில ஒரு கையெழுத்து இருந்தா விடுதியில விட்டுருவாங்க."

"ஏதாவது ஆச்சுன்னா யார் பொறுப்பு?" என்று கேட்டேன். அந்தக் கேள்வி என் வாயிலிருந்து அத்தனை சரளமாக வந்தது. "பொங்கல் முடியட்டும், பார்க்கலாம்" என்றும் சொன்னேன். பொங்கல் வரைக்கும் கச்சேரி காத்திருக்காது என்பது எனக்குத் தெரியும், அவளுக்கும் தெரியும். தாளை மடித்துக்கொண்டு "சரிங்கம்மா" என்று போய்விட்டாள்.

சனிக்கிழமை காலை நான் சென்னைக்கு ரயில் ஏறினேன். வீட்டில் நூலக வேலை என்று சொன்னேன். 37 வயதில், வேலையில் இருக்கும் ஒருத்திக்கு அப்படிச் சொல்ல என்ன தேவை என்று எனக்கே தெரியவில்லை. பழகிவிட்டது.

அந்தப் பள்ளி மைதானத்தில் நான் பார்த்ததுபோல் ஒரு கூட்டத்தை அதற்கு முன் பார்த்ததில்லை. குடும்பம் குடும்பமாக வந்திருந்தார்கள். இடுப்பில் பிள்ளையோடு நின்ற பெண்கள் பாட்டுக்கு அசைந்துகொண்டிருந்தார்கள். மேடையில் எலக்ட்ரிக் கிதாரும் டிரம்ஸும் இருந்தன, பக்கத்திலேயே பறையும் இருந்தது. இடஒதுக்கீட்டைப் பற்றிப் பாடினார்கள். அம்பேத்கரைப் பாடினார்கள். எங்கள் தெருவுக்குப் பறை சாவுக்கு மட்டும்தான் வரும். அடிப்பவர்கள் வாசலுக்கு வெளியே நிற்பார்கள். பணத்தை என் தாத்தா கையில் கொடுக்காமல் கீழே வைப்பார். அந்த ஓசையை இழவோடு மட்டும் சேர்த்து வைத்திருந்தது என் காது இல்லை, என் சாதி என்பது அன்று அந்த மைதானத்தில் எனக்குத் தெளிவாகத் தெரிந்தது. மெட்டாலிகாவின் கோபம் வீட்டுக்குள் வந்துவிட்டது. இரண்டு தெரு தள்ளி இருந்தவர்களின் கோபம் என்னிடம் வந்துசேர இன்னும் இருபது ஆண்டுகள் ஆகியிருக்கின்றன.

இசைவாணி மைக்கின் முன் வந்தார். கானா வட சென்னையின் பாட்டு. ஆண்களின் பாட்டாகவே அறியப்பட்டிருந்தது. அவர் யாருடைய அனுமதிக்கும் காத்திருப்பதுபோல் நிற்கவில்லை. பின்னாளில், கோயிலுக்குள் பெண்கள் நுழையும் உரிமையைப் பற்றி அவர் பாடிய பாட்டுக்காக ஆபாசமான வசைகளையும் மிரட்டல்களையும் எதிர்கொண்டார். 2020இல் பிபிசியின் 100 பெண்கள் பட்டியலில் அவர் பெயர் வந்தது. அந்த இரவில் இதெல்லாம் தெரியாது. குரல் மட்டும்தான். எப்போது கையைத் தூக்கினேன் என்று எனக்கு நினைவில்லை. இடைவெளியை அளந்துகொண்டிருந்த அந்த இன்னொரு மூளை நின்றுபோயிருந்தது.

திங்கட்கிழமை வகுப்பு முடிந்ததும் அவள் மேசையருகே வந்தாள்.

"கச்சேரியில நல்லா ஆடுனீங்கம்மா."

யாரோ முகநூலில் போட்டிருந்த காணொளி. கேமரா கூட்டத்தின் மேல் போகும்போது இரண்டு மூன்று நொடிகள் நான் இருக்கிறேன். இரு கைகளும் மேலே, வாய் திறந்து, கண்கள் மூடி. அவள் செல்பேசியில் நிறுத்திக் காட்டினாள். "உங்க முகத்த இப்புடி நான் பார்த்ததே இல்லம்மா" என்றாள். கோபமாகச் சொல்லியிருந்தால் ஏதாவது பதில் சொல்லியிருப்பேன். அவள் உண்மையிலேயே சந்தோஷமாகச் சொன்னாள்.

அவளிடம் மன்னிப்புக் கேட்க எனக்கு மூன்று மாதங்கள் ஆயின. ஏன் கையெழுத்துப் போடவில்லை என்று பலமுறை யோசித்திருக்கிறேன். அவள் போவது தவறு என்று நான் நினைக்கவே இல்லை. ஏதாவது நடந்தால், பெண் பிள்ளைகளை இரவில் அனுப்பியவள் என்று என் பெயர் வரும் என்று பயந்தேன். அவ்வளவுதான் காரணம். அப்பா நின்ற இடத்தில் நானும் நின்றேன். ஒரு வித்தியாசம் உண்டு. அப்பா எனக்கு மறுத்துவிட்டு, தான் மட்டும் திருட்டுத்தனமாகப் போய்க் கேட்டுவிட்டு வரவில்லை.

அதற்குப் பிறகு துறையில் நாங்கள் சிலர் சேர்ந்து விடுதியில் பேசினோம். ஓராண்டுக்கு மேல் இழுத்தது. இரண்டு ஆசிரியைகள் உடன் போவது, வேன் ஏற்பாடு, பெற்றோரின் எண்கள், ஒரு பதிவேடு. இறுதியில் ஆண்டுக்கு இரண்டு இரவுகள் கிடைத்தன. நாடகம், கூத்து, கச்சேரி என நான்கு முறை மாணவிகளோடு போயிருக்கிறேன். வேனில் திரும்பும்போது அவர்கள் பாடிக்கொண்டே வருவார்கள், நான் தலைகளை எண்ணுவேன். 2007இல் அந்தத் தம்பி செய்த வேலையை இப்போது நான் செய்கிறேன். இது சுதந்திரம் இல்லை என்று எனக்குத் தெரியும். ஆனால் கதவு பூட்டியிருந்ததைவிட இது மேல் என்றும் தெரியும். காவலுக்கு ஆளில்லாமல் அவர்கள் போய்வரும் நாளில் என் வேலை முடியும்.

"நீங்களும் கிளம்பணுமாம்மா?"

"இல்ல, இருந்து கேட்போம்" என்றேன்.

பெண்கள் எழுந்துபோன முன்வரிசை நாற்காலிகளில் போய் உட்கார்ந்தோம். சாரலில் இருக்கைகள் நனைந்திருந்தன. எங்களைப் பார்த்து, அரங்குகளில் வேலையாக வந்திருந்த மூன்று இளம்பெண்களும் பின்னால் வந்து உட்கார்ந்தார்கள். பாடியவர் அபாரமானவர் இல்லை. பேட் வாசித்த பையன் நன்றாக வாசித்தான். அவனுடைய தனி வாசிப்புக்கு எங்கள் ஐந்து பேரின் விசில்தான் முதலில் எழுந்தது. விசில் அடிக்க அவள் எப்போது கற்றுக்கொண்டாள் என்று கேட்கவில்லை.

முடிந்தபோது பத்து மணிக்கு மேல் இருக்கும். அவள் வீட்டுக்கு நடந்தோம். சில்வர் ஓக் மரங்களில் மிளகுக்கொடி ஏறிய தோட்டத்துக்கு நடுவே ஒற்றையடிப் பாதை. செல்பேசி வெளிச்சத்தைத் தரையில் பிடித்துக்கொண்டு அவள் முன்னால் போனாள். "இங்க வழுக்கும், ஓரமா வாங்கம்மா. அந்தப் பலா மரத்துக்கிட்ட வலது பக்கம். அப்புறம் ஒரு வாய்க்கா வரும், சின்னதுதான், தாண்டிரலாம்." நான் அவள் சொன்னபடியே கால் வைத்து நடந்தேன்.

வீட்டில் அவள் அம்மா விழித்திருந்தார். எட்டு மணி ஜீப்பில் திரும்பிவிட்டவர். களியும் மொச்சைக் குழம்பும் அடுப்பு ஓரத்தில் சூடாக இருந்தன. தட்டை என் முன்னால் வைத்துவிட்டு மகளிடம் கேட்டார்:

"கடைசியா என்ன பாட்டு பாடுனாங்க? வருசா வருசம் போறேன், ஒரு தடவகூட நான் கடைசிப் பாட்டு கேட்டதில்ல."

அவள் கை கழுவிவிட்டு வந்து, அடுப்புக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, அதைப் பாடிக் காட்டினாள். முழுப் பாட்டையும்.